இஞ்சி செய்யும் வேலை

அக்கா குடியைத் தொடாமல் இருந்த நூற்றுப் பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டில் அடிக்கடி தீர்ந்தது ஐஸ் மட்டும்தான். அதிலிருந்து தொடங்குகிறேன், டாக்டர். நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. ஆபரேஷன் நடந்தால் அதன்பிறகு அக்காவோடு வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டீர்கள். பதிலும் சின்னதுதான். ஆனால் எனக்குப் பேச்சு சட்டென்று வராது.

பழச்சாற்றுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இனிப்பு, புளிப்பு, நிறம் ஆகியவற்றை அளப்பது என் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியாது. ஒரு பிறந்தநாள் விருந்தில் அப்படி நின்றபோது யாரோ மது கலக்கும் ஷேக்கரைக் கொடுத்துக் குலுக்கச் சொன்னார்கள். அன்றைக்குக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

அதன்பிறகு படித்தேன், வாங்கினேன், கலந்து பார்த்தேன். ஓட்கா ஏறக்குறைய வெறும் சாராயம். அதற்கு வாசம் ஏற்றினால் ஜின். பழத்தோலை ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்தால் லிக்யூர். சாறு சேர்ந்த கலவையைக் குலுக்க வேண்டும். சாராயம் மட்டும் என்றால் கரண்டியால் கலக்கினால் போதும். ஐஸ் குளிர வைப்பதற்கு மட்டுமல்ல, உருகும் தண்ணீரும் கலவையில் ஒரு பங்கு. இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்களைப் போல இல்லை. என்ன சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்.

அக்காவின் குடி என் காக்டெயிலால் வந்ததல்ல. அவள் பிராந்தியைத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் குடித்தவள். காலையில் ஒளித்துக் குடிப்பாள். மாலையில் மட்டும் சமையலறை மேசையில் என் எதிரே வந்து உட்காருவாள்.

"ஏ லேபு, இன்னைக்கு என்ன சோதனை? எலி நான்தானே?"

"வேற எலி கிடைக்கலக்கா."

"எலிக்குச் சம்பளம் உண்டாடி?"

நான் சிரித்துப் பேசியதெல்லாம் அந்த மேசையில்தான்.

பிறகு அவள் ஈரல் கெட்டது. ஆறு மாதம் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தால் மாற்று ஈரலுக்கான வரிசையில் பெயர் சேர்க்கிறோம் என்றீர்கள். அன்றே பாட்டில்களைக் கொட்டிவிடக் கிளம்பினேன். அக்காதான் தடுத்தாள்.

"நீ ஏண்டி கொட்டணும்? உனக்கு இருக்கறதே அந்த ஒரு சந்தோஷம். உன் ரூம்ல பூட்டி வை, போதும்."

பூட்டி வைத்தேன். அவளுக்குச் சாராயமே இல்லாத கலவைகள் செய்தேன். தொண்டை எரிவதற்கு இஞ்சிச் சாறு, ஒரு கீற்று மிளகாய். நாக்கு உலர்வதற்கு ஆறிய கடுந்தேநீர். கனத்துக்குச் சர்க்கரைப் பாகு. மூன்று வாரத்தில் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அவளுடைய நாக்கு என் இஞ்சியை நம்பப் பழகிவிட்டது.

குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு அக்கா போகத் தொடங்கினாள். அங்கே லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் பழக்கமானார். ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அக்காவுக்காக நான் கலந்த கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நிஜமாவே இதுல ஒண்ணும் இல்லையா, பாப்பா?"

"இஞ்சிதான்."

"நாலு வருஷமா தொடாதவன் நான். என்னையே ஏமாத்துதே."

"மேல கீழ போயிட்டு வர்றதுதானே உங்க பொழப்பு, இதுக்குப் போய் பயப்படுறீங்க?" என்றாள் அக்கா. அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நல்ல மனிதர். ஒழுகிக்கொண்டிருந்த எங்கள் குழாயை அன்றே சரிசெய்தார்.

பிறகு மாலைகளில் அக்கா அவரோடு நடக்கப் போனாள். மேசையில் பத்து நிமிடம்தான் உட்காருவாள்.

"ஆபரேஷன் முடிஞ்சா அவர் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்டி. நீயும் எத்தனை நாள்தான் என்னைக் காவல் காப்ப?"

நான் காவல் காத்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

பிட்டர்ஸ் என்று ஒரு சின்னப் பாட்டில் உண்டு. வேரும் பட்டையும் ஊறிய கசப்பு. அதில் ஏறக்குறைய பாதி சாராயம். ஆனால் துளித்துளியாக விடுவதால் வீட்டில் கலப்பவர்கள் அதைச் சாராயமாகவே நினைப்பதில்லை. எனக்கென்று கலந்துகொண்டிருந்தபோது, பழக்கத்தில் அவள் கிளாஸிலும் சில துளிகள் விழுந்தன. மறதி. பார்த்ததும் கொட்டியிருக்கலாம். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"இன்னைக்கு நல்லா இருக்குடி" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவளுடைய போன் அடித்தது. எடுக்கவில்லை. இன்னொன்று கேட்டாள்.

இரண்டாவது கிளாஸில் இருந்தது மறதி அல்ல.

அதன்பின் கலவை மெதுவாக மாறியது. இஞ்சி குறைந்தது, எரிவு குறையவில்லை. ஆரஞ்சுத் தோல் லிக்யூர் பாகுக்குள் நன்றாக ஒளிந்துகொள்ளும். ஜின்னின் வாசத்தைத் தேநீர் மூடிவிடும். இரண்டு வாரத்தில் இஞ்சியே தேவைப்படவில்லை. அக்கா மாலைகளில் வீட்டிலேயே இருந்தாள். எலிக்குச் சம்பளம் கேட்டாள். ஒரு முறை மட்டும், "கூட்டத்துல உக்காந்திருக்கும்போதும் உன் கிளாஸ் ஞாபகமாவே இருக்குடி. ஏன்னே தெரியல" என்றாள்.

"பழக்கம்க்கா" என்றேன்.

பிறகு ரத்தப் பரிசோதனை. குடித்தால் வாரக்கணக்கில் ரத்தத்தில் அடையாளம் நிற்கும் என்பதை இந்த அறையில் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். அக்கா இதே நாற்காலியில் இருந்தாள்.

"சத்தியமா தொடல, டாக்டர்."

நீங்கள் கோபப்படவில்லை. தெரியாமல் உள்ளே போயிருந்தால் அது வேறு விஷயம், மாற்று ஈரல் குழுவிடம் நானே பேசுவேன், குடித்துவிட்டுப் பொய் சொன்னால்தான் கஷ்டம் என்றீர்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிடுக்கா. யாரும் திட்ட மாட்டாங்க."

அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் கேட்டாள்.

"தூக்கத்துல எழுந்து குடிச்சிருப்பேனோ? உன் ரூம் சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

"இருக்கலாம்."

மறுநாள் உங்களிடம் வந்து, குடித்தேன் என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. அவளே அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து ஆறு மாதக் கணக்கை மீண்டும் தொடங்கினீர்கள். அதுவரை ஈரல் தாங்குமா என்று கேட்டேன். அடுத்த பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தீர்கள்.

லிஃப்ட்காரரிடமும் அவளே சொன்னாள். "குடிச்சதுகூடப் பரவால்ல. கூட்டத்துல என் பக்கத்துலயே உக்காந்து, தொடலன்னு சொன்னியே" என்றார். சத்தம் போடவில்லை. குழாய்க்கு அடியில் வைத்திருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது போன வாரம். இனி வர மாட்டார்.

அதனால்தான் இன்று வந்தேன். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு வெளியே அந்தப் பச்சை நாற்காலியில் அவர் அக்காவுக்காகக் காத்து உட்கார்ந்திருப்பார். இப்போது யாரும் இல்லை. இனி அக்கா குணமாகலாம். அவள் பெயரை வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. எடுத்துக் குடிக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கொடுத்தது நான்.

உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில், டாக்டர். அவளோடு வீட்டில் நான் இருப்பேன்.