கெர்த்து வீட்டுச் சென்சார்

கெர்த்து: ...இந்தச் சென்சாரைப் பிடுங்கி எறியத்தான் போறேன். ஃப்ரிட்ஜைத் திறந்தா உங்களுக்குத் தெரியுது, கதவைத் திறந்தா தெரியுது. எண்பத்து நாலு வயசுக்காரியை என்னடி வேவு பாக்குறது?

மிர்வா: வேவு இல்ல கெர்த்தும்மா. இந்த வீட்டுலயேதான் தனியா இருப்பேன்னு அடம் பிடிச்சது நீங்க. அதுக்குத்தான் வயசானவங்களை வீட்டுக்கே வந்து பாத்துக்கற எங்க நகராட்சி ஆபீஸ் மாட்டி விட்டுது.

கெர்த்து: இருக்கேன்ல? உயிரோட? உக்காரு, காபி ஊத்தறேன்.

மிர்வா: ஊத்துங்க. ஆனா பேச்சை மாத்தாதீங்க. சென்சார் காட்டுறதைப் பாத்து ஆபீஸ்ல பயந்துட்டாங்க.

கெர்த்து: என்னவாம்?

மிர்வா: ராத்திரி கட்டில்ல படுத்திருக்கீங்க. அதே நேரத்துல கழிப்பறை லைட் எரியுது.

கெர்த்து: அணைக்க மறந்திருப்பேன்.

மிர்வா: தண்ணியும் கொட்டுதே...

கெர்த்து: பழைய குழாய்.

மிர்வா: பகல்ல அடுப்படியில நடமாட்டம். அதே நேரம் கூடத்துலயும் நடமாட்டம்.

கெர்த்து: நான் வேகமா நடப்பேன்.

மிர்வா: நீங்க நடைவண்டி தள்ளுறவங்க!

கெர்த்து: சக்கரத்துக்கு எண்ணெய் போட்டேன்.

மிர்வா: சிரிக்காதீங்க. உங்களுக்குப் புத்தி தடுமாறுதோன்னு நினைக்கிறாங்க. நாளைக்கு டாக்டர் வர்றார். ஆமான்னு அவர் எழுதிட்டா... அப்புறம் முதியோர் இல்லந்தான்.

கெர்த்து: எழுதட்டும்.

மிர்வா: என்னது? இந்த வீட்டை விட்டுப் பொணமாத்தான் போவேன்னு சண்டை போட்டவங்க நீங்க...

கெர்த்து: எழுதட்டும்னேன். புத்தி கெட்டுப் போச்சு, சுவத்தோட பேசுறா, என்ன வேணா எழுதிக்கட்டும்.

மிர்வா: சரி... வெளிய படிக்கட்டுக் கைப்பிடியில என்ன காயுது?

கெர்த்து: சவுனாத் துணி. நேத்து சனிக்கிழமையில்ல, நீராவிக் குளியல் நாள்?

மிர்வா: உக்கார விரிக்கிற துணி. ஆளுக்கு ஒண்ணு. அங்க ரெண்டு தொங்குது. எந்த ஊர்ல ஒருத்தி தனக்கு ரெண்டு விரிச்சுக்குவா?

கெர்த்து: எனக்கு உக்கார எடம் நிறைய வேணும்.

மிர்வா: கெர்த்தும்மா!

கெர்த்து: கத்தாதே... தூங்கறார்.

மிர்வா: யாரு?

கெர்த்து: தாய்ஸ்தோ. போதுமா? ஏரிக்கரை நடன மேடையில வருஷக்கணக்கா என்கூட டாங்கோ ஆடினவர். இடுப்பு உடைஞ்சதும் பெத்த மகனே இல்லத்துல கொண்டு தள்ளிட்டான். அக்கா வீட்டுக்குப் போறேன்னு அங்க சொல்லிட்டு, போன ஞாயித்துக்கிழமை இங்க வந்துட்டார்.

மிர்வா: அதுக்காக நீங்க பைத்தியக்காரின்னு பேர் வாங்கிப்பீங்களா?

கெர்த்து: வாங்கிக்கிறேன். சொன்னா அவரைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. அங்க அவருக்கு எப்பப் பசிக்கணும்னு கூட வேற யாரோதான் முடிவு பண்றாங்க. விட மாட்டேன் மிர்வா.

மிர்வா: நாளைக்கு உங்களையே கூட்டிட்டுப் போயிட்டா?

கெர்த்து: நான் கதவைத் திறந்தாத்தானே?

மிர்வா: ...ஒரே ஒரு கேள்வி. அவர் இனிமே இங்கதான் இருப்பாரா? உங்க வாயால சொல்லுங்க.

கெர்த்து: இங்கதான் இருப்பார். அவருக்கும் அதான் ஆசை. இது என் வீடு. எழுதிக்கோ, பெரிய எழுத்துல!

மிர்வா: எழுதறேன். இந்த வீட்டுல ரெண்டு பேர். அப்போ சென்சாரும் சரி, உங்க புத்தியும் சரி. டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். தாய்ஸ்தோவும் கேட்டுக்கிட்டா, இனிமே ரெண்டு பேரையும் பாத்துக்க நாங்க வருவோம். அவர் தானா வந்து தங்கினா மகனால தடுக்க முடியாது.

கெர்த்து: அடிப்பாவி! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?

மிர்வா: அவர் இங்கதான் தங்குறார்ங்கறது வீட்டுக்காரங்க வாயால வரணும். நானாச் சொல்லி வாங்கக் கூடாது.

கெர்த்து: அந்த மகன்கிட்டயும் சொல்லு. முடியாதவர், முடியாதவர்னானே... உடைஞ்ச இடுப்போட பஸ் ஏறி, பனியில தனியா நடந்தே வந்து இந்தக் கதவைத் தட்டினார் என் ஆளு!

மிர்வா: பஸ்லன்னா சொன்னார்?

கெர்த்து: ஆமா. ஏன் இழுக்கறே?

மிர்வா: ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் ஏது பஸ்? இல்லத்து வாசல்ல பெட்டியோட நின்னவரை என் கார்லதான் ஏத்திட்டு வந்தேன்... வீட்டு வாசல்ல விடறேன்னா கேக்கலை, முக்குலயே இறக்கி விடச் சொன்னார். "கெர்த்து ஜன்னல்ல நிப்பா, அவ பாக்கறப்போ நான் நடந்து வரணும்"னார்.