இல்லாத காலைப் பிடித்துவிட்டவன் சொன்னது

எல்லோராலும் 'வைரக்கை' என்று கூப்பிடப்படும் நான், வயது அறுபத்திரண்டு, பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் சலவைக் கடை மாடியில் குடியிருந்து, உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து வருகிறேன். படிப்பு எட்டாவது பாதியில் நின்றாலும் நரம்பு விஷயத்தில் பெரிய பெரிய டாக்டர்களே என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இது தேவையில்லை என்றார், வாக்குமூலம் எழுதும் ஸ்டேஷன் ரைட்டர். எழுதச் சொன்னேன்.

இறந்துபோனவன் என் அக்காள் மகன். லாரிப் பட்டறையில் ஜாக்கி நழுவி வலது கால் நசுங்கியதில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிய பிறகும், இல்லாத பாதத்தில் கட்டைவிரல் மடங்கி முறுக்குகிறது என்று துடிப்பான். மாத்திரைக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் மிச்சத் தொடையை எண்ணெய் விட்டு இளக்குவேன். அதன் பிறகு நல்ல காலைப் பிடிப்பேன். அதன் பிறகு, இது உலகத்தில் எவனும் செய்யாதது, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பின் மேல் கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று காற்றை அமுக்கிக்கொண்டே போய்க் கட்டைவிரலை நிமிர்த்துவேன். "சுண்டுவிரல விட்டுட்டீங்க மாமா" என்பான். ஒருநாள் கவனிக்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "கால் மேல உக்காந்திருக்கீங்க மாமா, கொஞ்சம் எழுந்திருங்க" என்றான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதன் பிறகு வலி போய்விட்டது என்றான். இனிமேல் ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம் மாப்பிள்ளை என்று நான்தான் சொன்னேன். அவனும் போகவில்லை. செய்தி பரவி என்னைத் தேடி வெளியூரிலிருந்து வரிசையாகக் கார்கள் வந்தன. எத்தனை என்று ரைட்டர் கேட்டார். ஒரு ஆட்டோ வந்தது.

சம்பவத்தன்று காலையில் அவன் மாடி வீட்டில் பிடித்துவிட்ட பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவக் கீழே போனேன். அதன் பிறகு சத்தம் கேட்டது. இரும்புப் படிக்கட்டின் அடியில் கிடந்தான். வலி சுத்தமாகத் தீர்ந்ததால், கால் இருக்கிறது என்றே நம்பி, மேல்படியில் அந்தக் காலை எடுத்து வைத்துவிட்டான். நான் கண்ணால் பார்த்தேன். என் கை அப்படிப்பட்ட கை. தண்டனை எதுவானாலும் எனக்கே கொடுங்கள்.

ஊன்றுகோல்கள் ஏன் கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தன, கைக்கடிகாரம் ஏன் கழற்றி அவன் மனைவியின் தலையணை மேல் வைக்கப்பட்டிருந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவன் மனைவி சொன்னதைப் படித்துக் காட்டினார். வலி ஒருநாளும் குறையவில்லை என்றும், நான் போன பிறகு துண்டை வாயில் கடித்துக்கொண்டு கிடப்பான் என்றும், "பாவம் மாமா, ஊரெல்லாம் சொல்லிட்டாரு, அவர்கிட்ட எதுவும் சொல்லிடாத" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான் என்றும் அதில் இருக்கிறது.

தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

கண்ணால் பார்த்தேன் என்று சொன்னது தவறு. பார்க்கவில்லை. அந்த நேரத்தில் குழாயடியில் நின்று, அவன் வலியை விரட்டிய கதையைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனுக்குள் வருமுன் அக்காள் என் கையைப் பிடித்து, "கடைசில வலி இல்லாமத்தானே இருந்தான்?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றேன்.

மேலே எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். திருத்திச் சொன்னது போக மற்றதெல்லாம் நிஜம். அக்காளிடம் சொன்னது மட்டும் நிஜமில்லை. அதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

(ஒப்பம்) வைரக்கை