கதவுப்பாலம்

மோட்டார் சத்தம் கேட்டா நாயெல்லாம் சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்ச காலம். கரிசக்காட்டுல மேலச்சோளப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருல வெள்ளைத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம பாட்டன்மாருக்கு அத்தை முறை வேணும்.

அவ புருசன் கருத்தப்பாண்டிக்கு இழுப்பு. பனி விழுந்தா நெஞ்சுக்குள்ள பூனை கத்துமாம். ஒரு மார்கழி விடியக்காலையில வந்தது வழக்கமான இழுப்பா இல்ல. வாயெடுத்தா சொல்லு வரல. ஒதடு நீலம் பாஞ்சிருச்சு. படுக்க வச்சா மூச்சு அடைக்குது, ஒக்கார வச்சா தலை தொங்குது. டவுன் ஆஸ்பத்திரியில இதுக்கு ஊசி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஊருல காரு ஒண்ணே ஒண்ணுதான், பெரியவீட்டுத் திருமேனியோட காரு.

ஓடுனா. ஓடிப்போய் கதவத் தட்டுனா.

"அய்யா, எம் புருசன் மூச்சு நிக்கப்போகுது. காரக் குடுங்கய்யா."

திருமேனி கதவ அரைவாசி தொறந்தாராம். "இன்னைக்கு மக நிச்சயத்துக்குப் போகணுமே, வெள்ளைத்தாயி. இப்பதான் கழுவி மாலை கட்டியிருக்கு. ஒன் ஆளு மெத்தையில கோழையத் துப்பி வச்சான்னா? மாட்டுவண்டியப் பூட்டு, போ." படார்னு கதவச் சாத்திட்டாராம்.

மாட்டுவண்டி போச்சு. போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. அவன் சாஞ்சிரக்கூடாதுன்னு தன் முதுக அவன் முதுகுக்கு முட்டுக்குடுத்து ஒக்காந்திருந்தாளாம். அவன் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் அவ முதுகுல தெரிஞ்சுச்சாம். பாதி வழியில அந்த முதுகு அசையல. பின்னால மாலை போட்ட காரு வந்து, ஒதுங்கு ஒதுங்குன்னு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சாம்.

ஆஸ்பத்திரி டாக்டரு கையப் பிடிச்சுப் பாத்துட்டு, "ஒரு ஊசியில நிக்கிற இழுப்பும்மா. செத்த முந்தி வந்திருக்கக் கூடாதா?"ன்னாராம்.

அவ அழல. கருமாதி முடிஞ்சதும் மம்பட்டியத் தூக்கினா. பெரியவீட்டுக் காரு ரோட்டுக்கு ஏறணும்னா அவ புஞ்சை வழியாத்தான் ஏறணும். போனாப் போகுதுன்னு அத்தனை வருசமா விட்டுருந்த வழி. அதைக் குறுக்க வெட்டினா. முழங்காலளவு வெட்டினா, இடுப்பளவு வெட்டினா.

"என்ன தாயி, கெணறா வெட்டுற?"ன்னு வழியில போனவுக கேட்டாக.

"ஆமா, பெரியவீட்டுக்காரரு தண்ணி குடிக்க."

அதுக்கப்புறம் திருமேனி காரு ஓடைமணல்ல உருண்டு பொரண்டு சுத்துவழியிலதான் போச்சாம்.

மறுவருசம் சித்திரை. உச்சி வெயில்ல திருமேனி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. வேர்த்துக் கொட்டுது, எடது கை மரத்துப்போச்சு. சுத்துவழியில போனா உசுரு தாங்காதுன்னு டிரைவரு காரப் பள்ளத்துக்கே கொண்டாந்துட்டான். ஆளுக மண்ணத் தள்ள வந்தாக. வெள்ளைத்தாய் பள்ளத்துக்குள்ள குதிச்சு நின்னா.

"தள்ளுங்கடா. என்னையும் சேத்து மூடுங்க."

ஒருத்தனும் அசையல. திருமேனி பொண்டாட்டி முந்தானைய ஏந்தி நின்னா. "எந் தாலியப் பாரு தாயி."

"எங் கழுத்தையும் பாருங்கம்மா."

பெறகு மேல ஏறி வந்தா. காருக்குள்ள தலைய விட்டா.

"அய்யா, கோழை கீழை துப்பிராதீக. மெத்தை கெட்டுரும்."

அவரு கும்பிடப் பாத்தாரு. கை எந்திரிக்கல.

"நீரு சாகப்படாது. செத்துட்டா ஒமக்கு இன்னையோட தீந்துச்சு. பொழச்சு வந்து தொறந்த வீட்டுல ஒக்காரும். ஏ ஆளுகளா, அந்தப் பெரியவீட்டுத் தலைவாசல் கதவக் கழட்டிக் கொண்டாங்க!"

தேக்கங்கதவு. மூச்சு வாங்கத் தூக்கியாந்து பள்ளத்து மேல போட்டாக. காரு அதுமேல ஏறிப் போச்சு. டாக்டரு ஊசியப் போட்டு, மூக்குல காத்துக் குழாய வச்சு, எப்படியோ உசுரப் பிடிச்சுக் குடுத்தாராம்.

திருமேனி திரும்பி வந்து கதவக் கேட்டு ஆளனுப்பினாரு. "அது எம் பாலம்"னுட்டா. புதுக்கதவு போட ஊர்த் தச்சன் ஒருத்தனும் வரலையாம். சாகிற வரைக்கும் அந்த மனுசன் தொறந்த வாசல்ல, தெருவே பாக்க ஒக்காந்திருந்தாராம்.

அவ மனசு கடைசிவரைக்கும் எளகல. மூச்சு முட்டினவனோ நெஞ்சு வலிக்காரனோ வந்தா கதவப் போடுவா. வண்டி போனதும் எடுத்துருவா. திருமேனியோட ரெண்டாவது மகளக் கட்ட வந்த மாப்பிள்ளை காரையே, "சுத்திப் போங்க"ன்னு அனுப்பிட்டாளாம்.

இப்ப அங்க சிமெண்டுப் பாலம் இருக்கு. பேரு கதவுப்பாலம்தான். நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் வண்டி நேராப் போகும். மாலை போட்ட காரு எதுவும் அதுமேல ஏறாது. தெரியாம ஏற வர்ற வெளியூர் டிரைவரக்கூட ஊர்க்காரவுக மறிச்சிருவாகளாம்.

"உள்ள ஆருக்காவது மூச்சு முட்டுதா? இல்லைல்ல? அப்ப திருப்பு வண்டிய."