கட்டில் ஆடிய காலை

மரியகுழந்தை: அப்பறம்?

சைலஸ்: அப்பறம் ஒண்ணும் இல்ல அத்தே. எழுந்தேன். பாய சுருட்டினேன். பல்லு தேச்சேன். குழாய்ல தண்ணி வந்துச்சி, ரெண்டு கொடம் புடிச்சேன். பால் வாங்கினேன். அடுப்புல வெச்சேன். நீங்க வந்தீங்க.

மரியகுழந்தை: ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும் வரல.

சைலஸ்: வரல.

மரியகுழந்தை: ஃபாதர் கேக்கறாரு, "உங்க மருமகனுக்கு எம்மேல கோவமா"ன்னு. "உங்க மேல இல்ல ஃபாதர், உங்க மொதலாளி மேல"ன்னு சொல்லிட்டேன்.

சைலஸ்: சரியாதான் சொல்லிருக்கீங்க.

மரியகுழந்தை: அது இன்னா பாய சுருட்டினேன்னு... கட்டில் இருக்கும்போது பாய் இன்னாத்துக்கு? ஒரு வருஷமா கட்டில்ல துவைச்ச துணிதான் படுத்துனு இருக்குது.

சைலஸ்: துணிக்கு முதுகு வலி.

மரியகுழந்தை: கொழுப்பு மட்டும் கொறையல. சரி, இன்னிக்கு சம்பங்கண்ணன் கட்டில எடுத்துனு போறாரு. பேசியாச்சி.

சைலஸ்: யாரு பேசினது?

மரியகுழந்தை: நான். எங்க வூட்டுக்காரரு ஏலத்துல எடுத்த இரும்புக் கட்டிலு. கல்யாணத்துல எம் பொண்ணுக்குக் குடுத்தேன். பொண்ணு இல்ல. நான் பேசாம வேற யாரு பேசறது?

சைலஸ்: எடுத்துனு போவட்டும். எனக்கு மொதல்ல ஒண்ணு தெரியணும்.

மரியகுழந்தை: ஆரம்பிச்சிட்டான்யா...

சைலஸ்: லவினா கண்ண மூடின அன்னிக்கு காலைல தர ஆடிச்சா, இல்லியா?

மரியகுழந்தை: ஆடிச்சி! எத்தினி வாட்டி சொல்றது? இந்த சுரங்க லைன் வூடுங்கள்ல ஒண்ணு விடாம போயி கேட்டுட்ட. எல்லாரும் இன்னா சொன்னாங்க?

சைலஸ்: ஆடிச்சின்னாங்க.

மரியகுழந்தை: அப்பறம் இன்னா?

சைலஸ்: எல்லாரும் சொன்னாங்க. அதான் இடிக்குது. கட்டில் ஆடிச்சி அத்தே. நான் அதுலதான் படுத்துனு இருந்தேன். எதால ஆடிச்சின்னு தெரிஞ்சா போதும்.

சம்பங்கி: மரியாம்மா! சார்! உள்ள வரலாமா? வந்துட்டேன்.

மரியகுழந்தை: பாரு. சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவரு, கூப்டறதுக்கு முன்னயே இந்தப் பக்கம் இருப்பாரு.

சம்பங்கி: ஒத்தச் செங்கல் சொவருதானே மரியாம்மா. இங்க பால் வெச்சா எனக்கு மூக்குல தெரியுது. சார், எனக்கு டீ. ஆடை இல்லாம.

சைலஸ்: உக்காருங்கண்ணே.

சம்பங்கி: கட்டில் நல்லா கெட்டியா இருக்குமா சார்? எம் பொண்டாட்டி என்னத் தரையில போட்டு ரெண்டு வருஷம் ஆவுது. இடுப்பு பிடிச்சிக்கிச்சி.

சைலஸ்: அன்னிக்கு காலைல உங்க வூட்ல இன்னா ஆச்சி?

சம்பங்கி: அன்னிக்கா? அய்யய்யோ... ஏர் பிளாஸ்ட் சார். சாதா பிளாஸ்ட்டா அது? கீழ காலி சுரங்கத்துல பாறை வெடிச்சது, மேல எங்க வூட்ல தட்டு, டம்ளர், சாமி படம், எல்லாம் டமார். டீவி நடந்து வாசலுக்கு வந்துச்சி.

சைலஸ்: டீவி நடந்துச்சா?

சம்பங்கி: வந்து, நின்னு, திரும்பிப் போச்சி.

மரியகுழந்தை: அளவா, சம்பங்கண்ணே.

சம்பங்கி: இன்னா அளவா? நூறாவது லெவல்ல வெடிச்சது அது. தரையில காலு வெச்சா போதும், எந்த லெவல்னு சொல்லிடுவேன்.

சைலஸ்: நீங்க சுரங்கத்துல எந்த ஷாஃப்ட்ல வேல செஞ்சீங்கண்ணே?

மரியகுழந்தை: ஷாஃப்ட்டா? ராபர்ட்சன்பேட்டை டாக்கீஸ்ல டிக்கெட் கிழிச்சாரு.

சம்பங்கி: பால்கனி டிக்கெட்! அங்கயும் ஆடும்மா. சண்ட சீன்ல பெஞ்சு குலுங்கும், ஜனம் முழிக்கும். நான்தான் டார்ச் அடிச்சி சொல்லுவேன், "பிளாஸ்ட்டுதான், உக்காருங்க"ன்னு. ஒருத்தன் எழுந்தது கெடையாது.

மரியகுழந்தை: நம்ம ஊர் ஜனமே அப்பிடி. லவினா பெங்களூர்ல வேல செய்யும்போது ஒரு வாட்டி நெஜமாவே பூமி லேசா ஆடிச்சாம். ஆபீஸ் மொத்தமும் மாடிப்படில ஓடுது. இவ மட்டும் சேர்ல உக்காந்து, "பிளாஸ்ட்டுதான், எங்க ஓடறீங்க"ன்னாளாம். அவங்க திரும்பி வரதுக்குள்ள எல்லா டேபிள்ல இருந்த பிஸ்கட்டையும் தின்னுட்டா.

சைலஸ்: எனக்கும் ரெண்டு கொண்டாந்தா.

சம்பங்கி: தங்கமான பொண்ணு. கடசில கூட "அம்மா"ன்னுதான் சொல்லிச்சாமே, இல்ல சார்? எம் பொண்டாட்டி கடசியா இன்னா சொல்லுவா தெரியுமா? "கேபிளுக்குப் பணம் கட்டினியா"ம்பா.

சைலஸ்: ...ம்.

மரியகுழந்தை: டீயப் போடு மாப்ள.

சம்பங்கி: பிளாஸ்ட் இல்லன்னா சார், நீங்க ஸ்கூல்ல நடத்தறீங்களே, அந்த ப்ளேட்டு... அது நவுந்துருக்கும்.

சைலஸ்: அது அப்பிடி நவுறாது.

சம்பங்கி: எப்பிடி நவுறும்?

சைலஸ்: இந்தப் பாலப் பாருங்க. கீழ சூடு. மேல ஆடை. பூமியும் இப்பிடிதான். மேல கெட்டியா ஒரு ஓடு. ஒரே துண்டா இல்ல, பல துண்டு. கீழ பாறை சூட்டுல மெதுவா பொரளுது. மேல துண்டுங்க நவுந்துனு இருக்குது. ஊதுங்க.

சம்பங்கி: ஃபூ...

மரியகுழந்தை: எச்சில் படாம ஊதுங்கண்ணே, நானும் குடிக்கணும்.

சைலஸ்: ஓரத்துல போயி சுருங்கிச்சா? அதான் இமயமலை. நம்ம துண்டு வடக்க போயி ஆசியா மேல முட்டிச்சி. இன்னும் முட்டினே இருக்குது.

சம்பங்கி: அந்த இமயமலைய ஸ்பூன்ல எடுத்து வெளிய போடுங்க சார். எனக்கு ஆடை ஆவாது.

சைலஸ்: சில எடத்துல ரெண்டு துண்டு வெலகும். நடுவுல கீழருந்து புதுப் பாறை வரும். சில எடத்துல ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில போயிடும்.

சம்பங்கி: எங்க வூட்ல நான்தான் அடியில.

சைலஸ்: நம்ம ஊரே ஒரு ஒட்டுன்னுதான் சொல்றாங்க. எரநூத்தம்பது கோடி வருஷத்துக்கு முன்ன கெழக்க ஒரு துண்டு, மேற்க ஒரு துண்டு. ரெண்டும் மோதி ஒட்டிக்கிச்சி. ஒட்டின எடத்துல விரிசல். விரிசல்ல கீழருந்து சுடுதண்ணி ஏறிச்சி. தங்கம் அதுல கரைஞ்சி வந்துச்சி.

மரியகுழந்தை: தங்கம் வெள்ளக்காரனுக்கு. விரிசல் நமக்கு.

சம்பங்கி: அப்ப இப்பவும் நவுந்துனு இருக்கமா சார்?

சைலஸ்: வருஷத்துக்கு ஒரு கட்டவெரல் நீளம். வடக்க.

சம்பங்கி: பாத்தியா! ஊரே போவுது, மாரிகுப்பம் ட்ரெயின் மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது.

மரியகுழந்தை: எல்லாமே போவுதா மாப்ள?

சைலஸ்: எல்லாமே.

மரியகுழந்தை: கல்லறையும்?

சைலஸ்: அதுவும். நாம போற அளவுக்கே போவுது.

மரியகுழந்தை: ...அப்ப அவளும் ஒரு கட்டவெரல் வந்துருக்கா.

சைலஸ்: வந்துருக்கா.

சம்பங்கி: வடக்கன்னா ஆந்திரா பக்கம் ஆச்சே. அங்க நம்ம ரேஷன் கார்டு செல்லுமா?

மரியகுழந்தை: நீங்க டீயக் குடிங்கண்ணே.

சைலஸ்: நான் சொல்ல வரது இன்னான்னா... ப்ளேட்டு உதறினா நம்ம லைன் மட்டும் ஆடாது. பெங்களூரு வரைக்கும் ஜனம் தெருவுல நிக்கும். அன்னிக்கு யாரும் நிக்கல. சரி, பிளாஸ்ட்டுதான்னு வெச்சிக்கலாம். பிளாஸ்ட் வந்தா நம்ம லைன்ல இன்னா நடக்கும்?

சம்பங்கி: இன்னா நடக்கும்?

சைலஸ்: சண்ட நடக்கும். ஒருத்தர் வந்துச்சிம்பாரு, ஒருத்தர் வரலம்பாரு. சரோஜம்மா, லாரி போச்சிம்பாங்க. நீங்க லெவல் நம்பர் சொல்லுவீங்க. ஒரு பிளாஸ்ட்டுக்காவது இந்த லைன் ஒரே பேச்சு பேசிருக்கா? அன்னிக்கு மட்டும் எல்லார் வூட்லயும் ஆடிச்சி. எல்லார் வூட்லயும் சாமி படம் விழுந்துச்சி.

சம்பங்கி: விழுந்துச்சி சார், சத்தியமா.

சைலஸ்: பெருமாளண்ணன் கம்யூனிஸ்ட்டு. அவரு வூட்லயும் சாமி படம் விழுந்துச்சாம்.

சம்பங்கி: ...திருந்தி மாட்டிருப்பாரு. விழுந்ததும் மறுபடி மாறிட்டிருப்பாரு.

மரியகுழந்தை: சம்பங்கண்ணே, கட்டிலப் பாக்க வந்தீங்களா, கத சொல்ல வந்தீங்களா?

சம்பங்கி: பாக்கறேம்மா, பாக்கறேன். துணிய இப்பிடி ஓரமா... உக்காந்து பாத்துடறேன்... யப்பா! இன்னா சத்தம் இது! லொடலொடலொடன்னு... ஆங், இதே சத்தம்தான் சார்! அன்னிக்கும் இதான் கேட்டுச்சி. இருட்டு பிரியல. இடுப்பு வலி, முழிச்சினு படுத்துனு இருக்கேன். சொவத்துக்கு இந்தப் பக்கம் லொடலொடன்னு... சரி, சின்னஞ்சிறுசுங்க, நமக்கு இன்னான்னு திரும்பிப் படுத்துட்...

மரியகுழந்தை: சம்பங்கண்ணே!

சைலஸ்: கட்டில் சத்தம் மட்டுமா கேட்டுச்சி? உங்க வூட்டுத் தட்டு, டம்ளரு? டீவி?

சம்பங்கி: டீவி... அதும் எடத்துலயேதான் இருந்துச்சி சார். நான்... கட்டில் தூக்க ஆளு கூட்டினு வரேன். மெதுவா வரேன்.

மரியகுழந்தை: போங்க. போயி சேருங்க. டீ ஆறுது மாப்ள.

சைலஸ்: எல்லார் வூட்டுக்கும் எப்ப போனீங்க அத்தே?

மரியகுழந்தை: ...அடக்கம் முடிஞ்ச மறுநாளு. மொதல்ல என்னதானே கேட்ட, தர ஆடிச்சான்னு? நீ சட்டைய மாட்டினு கெளம்பறதுக்குள்ள நான் லைன் மொத்தம் சுத்தி வந்துட்டேன். ஆடிச்சின்னு சொல்லுங்கன்னேன். சாமி படம் விழுந்துச்சின்னா நம்பிடுவான்னேன். பெருமாள் வூட்ல கொஞ்சம் யோசிச்சிருக்கணும்.

சைலஸ்: எதுக்கு அத்தே?

மரியகுழந்தை: எதுக்குன்னா? தர ஆடலன்னா, ஆடினது அவ. டாக்டரு சொன்னாரு இல்ல, தலையில நரம்பு வெடிச்சிருக்குது, ஒடம்பு உதறிருக்கும்னு. அத மனசுல வெச்சினு நீ இன்னா பண்ணுவ? மல்லாந்து படுத்து கூரை ஓட்ட எண்ணினு இருப்ப. நீ தூங்கணும்னுதான்.

சைலஸ்: எனக்குத் தெரியும்.

மரியகுழந்தை: எப்ப இருந்து?

சைலஸ்: பெருமாளண்ணன்ல இருந்து.

மரியகுழந்தை: தெரிஞ்சினேவா இத்தினி நாள் கேட்டுனு இருந்த?

சைலஸ்: யாராவது ஒருத்தர் நெஜமா ஆடிச்சின்னு சொல்லிட மாட்டாங்களான்னுதான்.

மரியகுழந்தை: ...சாமியே இல்லங்கற மனுஷன் எனக்காக சாமி படத்த மாட்டி விழ வெச்சாரு. அவருக்கு ஒரு டீயாவது குடுக்கணும். சரி. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன்.

சைலஸ்: கேளுங்க.

மரியகுழந்தை: கடசியா அவ "அம்மா"ன்னு கூப்ட்டதா சொன்ன.

சைலஸ்: ம்.

மரியகுழந்தை: பொறந்ததுல இருந்து எம் பொண்ணு என்ன மம்மின்னுதான் கூப்ட்டா. கோவம் வந்தா மரியா. ஒரு நாள் ஒரு பொழுது அம்மா கெடையாது. உனக்கும் பொய் சொல்ல வரல மாப்ள. சம்பங்கண்ணனோட டீவி பரவாயில்ல.

சைலஸ்: உங்களுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணிச்சி.

மரியகுழந்தை: வாங்கிக்கினேன் இல்ல? ஊரெல்லாம் சொல்லிக்கினேன். போதும். கட்டில் ஆடிச்சி. நீ முழிச்ச. அப்பறம்?

சைலஸ்: முழிக்கல. பாதி தூக்கம். "இன்னா லவி"ன்னேன்.

மரியகுழந்தை: அவ இன்னா சொன்னா? நெஜமா.

சைலஸ்: "பிளாஸ்ட்டுதான். நீ தூங்கு."