நோவுக்கு ஒரு சிரிப்பு

பரந்தனில் வவுனியா பஸ்ஸில் ஏறிய இரண்டு பெட்டைகள் என் கதிரையருகே நின்றார்கள். ஒருத்தியின் கையில் சலங்கைப் பை.

"ஏனடி கண்டக்டரைப் பாத்துச் சிரிக்கிறாய்?" என்றாள் தோழி.

"சிரிக்கேல்லையடி. முழங்கால் நோகுது. ஆடேக்க நோ முகத்திலை தெரியக்கூடாதெண்டு டான்ஸ் ரீச்சர் சொன்னவா. பழகிறன்."

"அந்தாள் ரெண்டுதரம் திரும்பிப் பாத்திட்டுது. நோவை யன்னல் பக்கம் திருப்பு."

முறிகண்டியில் கும்பிடுவதற்காகப் பஸ் நின்றது.

"வா, பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டு வருவம்."

"நீ போ. நான் இறங்கினால் திரும்ப ஏற ஏலாது."

"அப்ப பின்னேரம் சோதினையிலை எப்பிடியடி ஆடப்போறாய்?"

அவளின் சிரிப்பு இன்னும் அகலமானது.

தோழி சலங்கைப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினாள்.

"சரி, சரி. அழாதை."