வெளியே போட்ட பூட்டு

— பூட்டை எதுக்கு வெளியே போட்டே? அதை மட்டும் சொல்லு, இந்துமதி. மத்ததெல்லாம் அப்புறம்.

— சித்ரகலாக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அத்தை இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க.

— நான் வந்து மாத்திரை குடுத்ததுக்கப்புறம் கண்ணசந்தாங்க. அதுக்கு முன்னால எப்படிக் கெடந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? உள்ளுக்குள்ள முனகற சத்தம் கேக்குது, கதவுல இம்மாம் பெரிய பூட்டுத் தொங்குது. பக்கத்து ஊட்டுக்காரி சாவியக் கொண்டாந்து தொறந்து உட்டா. படுக்கையெல்லாம் நனைஞ்சு, ஒதடு வெடிச்சு... ஆஸ்பத்திரில முடியாதுன்னு அனுப்பிச்ச ஆளுகளத்தான் நாங்க ஊடு ஊடாத் தேடிப் போயிப் பாக்கறோம். எத்தனையோ ஊடு பாத்துட்டேன். சாகக் கெடக்கற மனுசிய வெச்சுப் பூட்டீட்டுப் போன ஊட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— காலையில தொடைச்சு, துணி மாத்தி, கஞ்சி ஊட்டீட்டுத்தானுங்க போனேன். பூட்டலீன்னா நாய் உள்ளாற வந்துருதுங்க. இது வரிசையாக் கட்டி வாடகைக்கு உட்ட லைன் ஊடு, காத்தடிச்சாலே கதவு தொறந்துக்கும். எந்திரிச்சு உள்தாப்பாப் போட அத்தையால ஆகுமுங்களா? 'பூட்டீட்டுப் போ கண்ணு'ன்னு சொன்னதே அவங்கதானுங்க.

— அவங்க சொல்லுவாங்க. நீ எங்க போனே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?

— வேலைக்குங்க. பனியன்ல ஓட்டை, கறை பாக்கற செக்கிங் பண்றனுங்க. ஷிப்மென்ட் இருக்குதுன்னு எல்லாத்தையும் வரச் சொல்லிட்டாங்க. நீங்க போன் பண்ணுனதும் சாப்பாட்டு நேரத்துல ஓடியாந்தேன். இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படலீங்க.

— நேத்து நர்ஸ் வந்து உன்றகிட்ட என்ன சொல்லீட்டுப் போச்சு?

— இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லுச்சுங்க.

— தெரிஞ்சுமா போனே! உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?

— ஏனுங்கக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கப்படாது.

— சொல்லு.

— நீங்க வாலண்டியரா வாரத்துல ஒருநா வர்றீங்க. புண்ணத் தொடைச்சுக் கட்டி உடறீங்க, தலை சீவி உடறீங்க, கையப் புடிச்சுட்டுப் பேசறீங்க. எங்க சொந்தபந்தம் ஒண்ணுகூடச் செய்யாததுங்க அது. நீங்க வந்தாத்தான் அத்தை சிரிக்கறாங்க. இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா மத்த நாளெல்லாம் அந்தப் புண்ணு நாத்தத்துலயே சோறு ஆக்கி, அந்த நாத்தத்துலயே தின்னு, அங்கயே படுத்து எந்திரிக்கறவ நானுங்க. வலி தாங்காம அவங்க கடிச்ச தழும்பு இந்தக் கையில கெடக்குது, பாருங்க. என்னயப் பாத்து ஈரமில்லீன்னு சொல்லிப்போட்டீங்களே!

— அட, அழுகாத அம்மிணி. வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன். உன்ற ஊட்டுக்காரரு எங்க?

— லாரில லோடு ஏத்தீட்டு நாக்பூர் போயிருக்காருங்க. சேதி சொல்லியாச்சு. வந்து சேரோணுமல்லங்க.

— அப்ப நீதான் இருக்கோணும். லீவு கேக்கறதுதானே?

— கேக்காம இருப்பனுங்களா? கான்ட்ராக்டர் காசிமாயண்ணன் கால்ல உழுகாத கொறையாக் கேட்டுட்டேன். 'இன்னிக்கு நின்னுட்டா இனிமேப்பட்டு வராத'ங்கறாரு. அத்தை கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. உசுரு போறப்ப நான் பக்கத்துல இருந்து வாயில தண்ணி ஊத்தோணுமாம். பூட்டுன ஊட்டுக்குள்ள ஒத்தையாப் போயிரப்படாதாம். பூட்டச் சொல்றதும் அவங்க, பயப்படறதும் அவங்க. நான் என்னங்க பண்றது?

— இதென்ன அநியாயம்! நானும் நாலு பேருக்குச் சம்பளம் போடறவதான். வேலை நடக்கோணும், வாஸ்தவம். அதுக்குன்னு சாகக் கெடக்கறவங்க வாயில தண்ணி ஊத்த உடமாட்டாங்களா? எந்தக் கம்பெனி அது?

— கம்பெனியெல்லாம் இல்லீங்க, தகரக் கொட்டாய்ங்க. பெரிய கம்பெனில வேலை முடியலீன்னா இங்க பிரிச்சு உடுவாங்க. யாரோட சரக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாதுங்க.

— போன் அடிக்குது பாரு. யாரு?

— அவருதானுங்க. காசிமாயண்ணன்.

— குடு இங்க.

— வேண்டாங்கக்கா. எம் பொழப்புல மண்ணு உழுந்துரும்.

— குடுன்னா குடு. ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. நாக்கப் புடுங்கிக்கற மாதிரிக் கேக்கறனா இல்லியா பாரு... அலோ!

— ஏத்தா இந்து, எங்கிட்டுத்தா போய்த் தொலைஞ்ச? சாப்புடப் போனவ நெல்லு நட்டு அறுத்தா திங்கிற? இங்கன பீஸு மலை மாதிரிக் குமிஞ்சு கெடக்கு!

— நான் இந்துமதி இல்லீங்க. அவ மாமியாளப் பாக்க வந்திருக்கறேன். இங்க ஒரு உசுரு இழுத்துட்டுக் கெடக்குது. நீங்க பீஸுங்கறீங்க! இவளுக்கு ஏனுங்க லீவு குடுக்கல?

— எம்மேல பாயாதீக தாயி. எனக்கும் ஊருல ஆத்தா கெடக்கு. இந்தப் புள்ள அழுதத நானும் பாத்தேன். மேல இருந்து சொல்லிப்புட்டாக, நான் என்ன செய்ய?

— மேல யாரு? அந்தப் புண்ணியவான் பேரச் சொல்லுங்க. நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தவனான்னு நானே கேக்கறேன்.

— ஆம்பள இல்லீக, பொம்பளதேன். அவிநாசி ரோட்டுல கம்பெனி வச்சிருக்குல்ல சித்ரகலாம்மா, அது சரக்கு இது. நாளைக்குக் கன்டெய்னர் ஏறணுமாம். எவ வீட்டுல சாவு விழுந்தாலும் ஒருத்தியும் லீவு போடப்படாதுன்னு அந்தம்மா வாயாலயே சொல்லுச்சாம். மேனேஜர் வந்து அப்படியே சொல்லிட்டுப் போறாரு... அலோ? இருக்கீகளா?

— அக்கா... சித்ரகலாக்கா, அவரு யாரைங்க சொல்றாரு?

— அலோ! இம்புட்டுப் பேசுனீகளே, நீங்க யாரு தாயி?

— நானுங்களா? வாலண்டியருங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.