பங்கரில் மூன்று பேருக்கு இடம் இருந்தது

குத்திவிட்டான்.

வடக்கில், ஆமிக் காம்பில், ஷெல் குத்துகிற ஒரு சத்தம். உரலில் உலக்கையால் ஒரே ஒரு தரம் இடித்தது போல. நான் எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்பது வரை எண்ணலாம் என்று எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒன்பதில் ஷெல் விழும். பத்தை எண்ணினால் உயிரோடு இருக்கிறோம்.

"கிடவுங்கோ! கிடவுங்கோ!"

ஒழுங்கையில் யாரோ கத்துகிறார்கள். நாங்கள் கிடக்கவில்லை. ஓடுகிறோம். அம்மா தம்பியை இழுத்துக்கொண்டு முன்னால். நான் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால். ஆறு. ஏழு. பங்கர் வாசல். எட்டு. அம்மா தம்பியை உள்ளே தள்ளுகிறார். நான் குதிக்கிறேன். ஒன்பது.

பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. வாய் நிறையச் செம்மண். பத்து.

ஐப்பசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஏழு. மருதனார்மடத்திலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் போனால் வரும் வெங்காயத் தோட்டக் கிராமம். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் பங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலத்துக்குள் வெட்டிய பதுங்குகுழி. அது 'ட' வடிவம். இறங்கினால் ஒரு நேர்ப் பகுதி. பிறகு ஒரு முடக்கு. முடக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது. அதை வெட்டியவர் என் சின்னமாமா. அம்மாவின் தம்பி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. எங்கள் வீட்டில் நாலு பேர், அவர் வீட்டில் மூன்று பேர், ஏழு பேருக்கு என்று அளந்து வெட்டினார். மேலே கூரையாகப் பனங்குற்றி அடுக்கியதும் அவர்தான். முடக்கை ஏன் இவ்வளவு நீளமாக வெட்டுகிறாய் என்று அம்மா கேட்டபோது அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அத்தானின்ரை வாய்க்குத் தனியா ஒரு இடம் வேணுமெல்லோ அக்கா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அப்பா இயக்கத்தில் சேர்ந்து துவக்குத் தூக்கியவர் இல்லை. தூக்கியவர்களுக்குப் பின்னால் நின்று கத்தியவர். ஊர்க் கூட்டங்களில் பேசுவார். யார் வந்தது, யார் வரவில்லை என்று பார்ப்பார். வீட்டிலும் அதே வேலை. மாலையில் விளக்கேற்றி, திருநீறு பூசி, தேவாரம் முடிந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் முன்னால் இருத்துவார். ஊர் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நாங்கள் ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டும்.

"சங்கக்கடை மனேச்சர்?"

"எங்கடை."

"தபால்காரன்?"

"உவங்கள்."

சரியாகச் சொன்னால் ஒரு கடி பனங்கட்டி. சீனி இல்லாத காலம் அது. பிழையாகச் சொன்னால் வெறும் தேத்தண்ணி.

எங்கள் பேச்சில் இவன், அவன் தவிர உவன் என்றும் ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்குக் கிட்ட நிற்கிறவன் உவன். மற்ற வீடுகளில் அது வெறும் சுட்டிக்காட்டுகிற சொல். எங்கள் வீட்டில் அது தீர்ப்பு. ஒருவன் உவன் ஆகிவிட்டால் அவனோடு கதைக்கக் கூடாது. அவன் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது. அவன் செத்தால் செத்தவீட்டுக்குப் போகக் கூடாது.

அந்த வருஷம் சந்தியில் ஒரு பெடியனை லைற் போஸ்ற்றில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் மட்டை. மட்டையில் துரோகி என்று எழுதியிருந்தது. அப்பா எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். தம்பி முன்பாரில். நான் கரியரில். அடுத்த ஊர்க் கூட்டத்தில் சின்னமாமா எழும்பினார். அது பிழை, அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு மாலை அப்பா அவருடைய பெயரைச் சொன்னார். தம்பி, "மாமா" என்றான். அவனுக்குப் பனங்கட்டி இல்லை. நான் "உவங்கள்" என்றேன். எனக்கு இரண்டு கடி.

அதற்குப் பிறகு சின்னமாமா தன் வளவில் தனியாக ஒரு பங்கர் வெட்டத் தொடங்கினார். மூன்றடியில் கல் வந்துவிட்டது. அலவாங்கால் இடித்துக்கொண்டிருந்தார். முடியவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

அப்பா வீட்டில் இல்லை. நெல்லியடிப் பக்கம் கூட்டம் என்று முதல் நாளே போய்விட்டார். அம்மா முடக்குக்குள் இருக்கிறார். தம்பி அதற்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறான். நான் வாசல் படியில் இருக்கிறேன். தலை மட்டும் வெளியே.

வேலி பிரிகிற சத்தம். கிடுகு கிழிகிறது. சின்னமாமா வருகிறார். பின்னால் மாமி. மாமியின் கையைப் பிடித்தபடி வதனி. என் மச்சாள். பத்து வயது. மாமா சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வருகிறார். அதை ஏன் கொண்டுவந்தார் என்று இன்றைக்கும் தெரியாது.

வாசலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றார். அதற்குக் கிட்ட வரவில்லை. தான் வெட்டிய பங்கருக்குக் கிட்ட வரவில்லை.

"பிள்ளை, இடம் இருக்கோ?"

நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அப்பாவின் குரல் கேட்கவில்லை. யாருடைய குரலும் கேட்கவில்லை. இதைக் கவனமாக வாசியுங்கள். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகச் சொன்னேன்.

"இல்லை. இடமில்லை."

முடக்குக்குள் ஏழு வயதுப் பெடியன் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

மாமா என்னோடு வாதாடவில்லை. அந்தப் பங்கரில் எத்தனை பேர் இருக்கலாம் என்று அவருக்கு அங்குலக் கணக்கில் தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் குத்திவிட்டான்.

"சரி பிள்ளை. தலையை உள்ளுக்கை எடு."

சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒன்று. இரண்டு. அம்மா உள்ளே இருந்து கேட்டார்.

"ஆர் பிள்ளை அங்கை?"

"ஒருத்தருமில்லை அம்மா."

ஐந்து. ஆறு. அவர்கள் கிணற்றடியைத் தாண்டி ஓடுகிறார்கள். ஏழு. நான் தலையை உள்ளே எடுத்தேன். அவர் சொன்னபடி. எட்டு.

ஒன்பது.

பத்து. பத்தை நான் எண்ணினேன்.

மாமா அங்கேயே முடிந்தார். மாமி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வானில் முடிந்தார். வதனிக்கு வலது கை போனது, முழங்கைக்குக் கீழே. அவள் பிழைத்தாள். பிழைத்தவள் பெரியவர்களிடம் சொன்னாள். அப்படித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா என்னை அடிக்கவில்லை. ஏசவில்லை. அதற்குப் பிறகு பங்கருக்குள் இறங்கவே இல்லை. ஷெல் விழும் நேரமெல்லாம் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருப்பார். நாங்கள் உள்ளே இருந்து கத்துவோம். வரமாட்டார்.

அப்பா புதன்கிழமை வந்தார். விஷயத்தைக் கேட்டார். என் தலையில் கை வைத்தார்.

"என்ரை பிள்ளை."

உள்ளே போய் ஓலையில் பின்னிய ஒரு முழுக் குட்டான் பனங்கட்டி கொண்டுவந்து என் கையில் தந்தார். ஒரு கடி இல்லை. முழுக் குட்டான். நான் வேலிக் கரையில் இருந்து அதைத் தின்றேன். முழுவதும் தின்றேன். அந்தப் பக்கம் செத்தவீடு நடந்தது.

போர் முடிந்த பிறகு உதவி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து கதைத்தாள். நீங்கள் குழந்தை, அது உங்கள் பிழை இல்லை என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். ஒரு பிள்ளையின் மண்டைக்குள் தங்களை ஊற்றி நிரப்பிவிட்டு, பிறகு அது தானாக யோசித்தது என்று சந்தோசப்படுகிற ஆட்களைப் பற்றி எழுத இவ்வளவு காலம் எனக்குத் துணிவு வரவில்லை. ஷெல் அடித்தவனைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எழுதத்தான் வேண்டும். அவன் கொலைகாரன். வாசலில் இருந்தவளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதை நான்தான் எழுத வேண்டும்.

இப்போது எழுதக் காரணம் ஆரணி.

ஆரணி என் தம்பியின் மகள். பன்னிரண்டு வயது. போர் முடிந்த பிறகு பிறந்தவள். அவள் ஒரு ஷெல் சத்தமும் கேட்டதில்லை. தம்பி இப்போது வட்டுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டி இருக்கிறான். அப்பா கடைசி வரை அவனோடுதான் இருந்தார். படுக்கையில், பேரப்பிள்ளை தண்ணீர் பருக்க, நிம்மதியாகச் செத்தார். தம்பி அந்த விளையாட்டை விடவில்லை. இப்போது ஃபோனில் படம் காட்டிக் கேட்கிறான். எங்கடையோ, உவங்களோ? பனங்கட்டி போய் சொக்கலேற் வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மத்தியானச் சாப்பாடு. ஆரணி பள்ளிக்கூடக் கதை சொன்னாள். அவள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வாங்கு, ஒரு பெஞ்சு.

"உவள் என்ரை வாங்கிலை வந்து இருக்கப் பாத்தவள் மாமி. இடமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர் உவள்?"

"ஒத்தைக்கை வதனியின்ரை மகள். உவளின்ரை அம்மப்பா துரோகியாம்."

"வாங்கிலை இடம் இருந்ததோ?"

"இருந்தது. நான் மட்டும்தான் இருந்தனான்."

சிரித்தாள். தம்பியும் சிரித்தான்.

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேலே எழுதியதைத்தான். ஒன்றையும் விடவில்லை.

"சாப்பிடேக்கை உதென்ன கதை அக்கா," என்றான் தம்பி. "அண்டைக்குப் பங்கரிலை இடமிருக்கேல்லை."

"நீ முடக்குக்கை கால் நீட்டிப் படுத்திருந்தனி."

"எனக்கு ஏழு வயசு. எனக்கென்ன தெரியும்?"

"கால் நீட்டினது தெரியும்தானே."

ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"அப்பப்பாவோ உங்களை அப்பிடிச் சொல்லச் சொன்னவர்?"

"இல்லை. அவர் அங்கை இல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் சொன்னனான்."

இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப பிழை உங்களிலைதான் மாமி. அப்பப்பாவிலை ஒரு பிழையும் இல்லை."

தம்பி அவள் தலையில் கை வைத்தான்.

"என்ரை பிள்ளை."

நான் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. தானாகத்தான் யோசித்தாள். கேட்டாள், ஆராய்ந்தாள், ஒரு முடிவுக்கு வந்தாள். வந்து சேர்ந்த இடம் என் அப்பா அவளுக்காக முன்பே துடைத்து வைத்திருந்த இடம். நானும் அன்றைக்கு அப்படித்தான் யோசித்தேன். எனக்கும் அது என் சொந்த யோசனையாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை இதிலிருந்து வெளியே வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டு சாவு தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் முழுக் குட்டானையும் தின்றேன்.

இனிக் கணக்கு.

சின்னமாமா. முப்பத்தெட்டு வயது. மாமி. முப்பத்திரண்டு. வதனியின் வலது கை. அந்தக் கையால்தான் அவள் எழுதுவாள். ஒரு சைக்கிள். கல் வந்து நின்ற ஒரு பங்கர். கழுத்தில் மட்டையோடு நின்ற பெடியன், அவன் பெயரை நான் கேட்கவே இல்லை. அம்மா. பதினெட்டு வருஷம் எங்களோடு இருந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் செத்தார். தம்பி. உயிரோடு இருக்கிறான், இருந்தும் இங்கேதான் எழுதுகிறேன். அன்றைக்கு மாமா என்று சொல்லிப் பனங்கட்டியை இழந்த ஏழு வயதுப் பெடியனை எழுதுகிறேன்.

ஆரணியை இன்னும் எழுதவில்லை. அந்த வாங்கில் பாதி இப்போதும் வெறுமையாக இருக்கிறது என்று, நான் போய்க் கேட்டபோது வதனி சொன்னாள்.

எண்ணிக்கொண்டிருக்கிறேன். எட்டு.